தப்புக்கோடு

செங்காட்டுவலசுக்கு மேற்கே, ஆட்டுக்கும் காக்கைக்கும் இடம் கொடுத்துக்கொண்டு, ஓர் அடி வளராமல் ஓர் அடி தேயாமல் தன்பாட்டுக்குக் கிடந்த மொட்டைக்கரடு, ஒரு தை மாதத்துத் திங்கட்கிழமை விடிந்தபோது வடக்கே ஓர் எட்டு நீண்டிருந்தது. முதலில் பார்த்தவள் ஆடு மேய்க்கும் ராசாயாள். அவள் அதை டீக்கடையில் சொல்லும்போதுகூட, வெள்ளாட்டுக் குட்டிக்குக் கழிச்சல், தீவனம் விற்கிற விலை, மருமகள் பேச்சு எடுபடவில்லை என்கிற சேதிகளுக்கு நடுவே, கரடு கொஞ்சம் நீண்டிருக்கிறது என்று சொருகித்தான் சொன்னாள். கேட்டவர்களும், "அதுவும் எத்தனை நாளைக்கிச் சும்மாவே கெடக்கும்" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தார்கள்.

மறுநாள் இன்னோர் எட்டு, அதற்கு மறுநாள் இன்னோர் எட்டு என்று கரடு வடக்கே நடக்கத் தொடங்கியது. நல்லவேளையாக அது நடந்தது ஓடைப் புறம்போக்கில். யாருடைய காட்டையாவது ஒரு சாண் தொட்டிருந்தால் ஊர் இரண்டுபட்டு ஐகோர்ட் வரைக்கும் போயிருக்கும். புறம்போக்கில் போனதால் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கிராம நிர்வாக அலுவலர் மட்டும் சங்கிலியோடு வந்து அளந்து பார்த்து, வளர்கிற நிலத்தை எந்தக் கலத்தில் எழுதுவது என்று தாலுகா ஆபீசுக்குக் கேட்டு எழுதினார். பதில் இன்னும் வந்தபாடில்லை.

வளர்ந்த ஒவ்வோர் எட்டும் ஒரே உயரத்தில் இல்லை. ஒரு நாள் முந்தின நாளைவிட முழங்கால் அளவு எழும்பி நிற்கும், ஒரு நாள் கணுக்கால் அளவு தாழ்ந்து கிடக்கும். சனி, ஞாயிறுகளில் வளராது. காந்தி ஜெயந்திக்கும் வளரவில்லை. கரட்டுக்குக் கவர்ன்மெண்ட் உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அது என்னவென்று கண்டுபிடித்தவர் கோட்டுக்காரர். பெயரைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் கோட்டும் சூட்டும் போட்ட ஓர் ஆளைத் தேடுவார்கள்; வேட்டியும் முண்டா பனியனுமாகப் பொங்கியண்ணன் எதிரில் நின்றால் அவரிடமே கோட்டுக்காரர் வீடு எதுவென்று கேட்பார்கள். அவர் வேலை கோடு போடுவது. ஒரு சரக்கின் விலையை ஒவ்வொரு நாளும் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, அந்தக் கோடு என்ன உருவம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. முக்கோணமாகச் சுருங்கும், கொடி மாதிரிப் பறக்கும், பிடி வைத்த கிண்ணம் மாதிரிக் குழியும், நடுவில் தலையும் இரண்டு பக்கமும் தோளுமாக எழும்பும். உருவம் முடிந்ததும் விலை ஒரு பக்கமாகக் கிளம்பும், அதற்கு முன்னால் வாங்கவோ விற்கவோ செய்தால் பிழைத்துக்கொள்ளலாம். இப்படியே முப்பது வருசத்துக்கு மேல், சுரங்கத்தைப் பார்க்காமலே செம்பையும், செடியைப் பார்க்காமலே சீரகத்தையும் வாங்கி விற்றுக் காலத்தை ஓட்டியவர் அவர். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்ட உறவுக்காரர்களுக்கு, "கோடு போடறாருங்க" என்று பதில் சொல்லியே பெண்ணைப் பெற்றவருக்கு வாய் வலித்துப்போனது.

ஒரு நாள் காலையில் வாசலில் நின்று வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கரட்டைப் பார்த்தார். குச்சி வாயிலேயே நின்றுவிட்டது. உள்ளே போய், தை மாதத்திலிருந்து ஏல மண்டியில் விரலி மஞ்சள் விற்ற விலைகளை எடுத்து, தாளில் புள்ளி வைத்து இணைத்து, வாசலுக்குக் கொண்டுவந்து கையை நீட்டி வானத்துக்கு எதிராகப் பிடித்தார். தாளிலிருந்த கோடும் கரட்டின் முதுகும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

"தெய்வா, இங்க வா. உன்ற மஞ்சள் மேக்க நிக்குது பாரு" என்றார்.

அவர் மனைவி தெய்வாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளைப் பார்த்து, கரட்டைப் பார்த்து, "அட ஆமாங்க. இனி வெல கேக்க மண்டிக்கு யாரும் போவ வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஊரில் எல்லாரும் மஞ்சள் போட்டவர்கள். அதிகாலையில் எழுந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் இப்போது மேற்கே திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒரு முழம் ஏற்றம், இன்றைக்குச் சாண் இறக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர் "மேட்டு ஸ்டாப்பெல்லாம் எறங்கு, பள்ளத்து ஸ்டாப் அடுத்தது" என்று கத்தப் பழகினார். பெண் பார்க்க வந்த கூட்டங்கள் முதலில் கரட்டைப் பார்த்தன, பிறகுதான் பெண்ணைப் பார்த்தன.

இத்தனை காலம் வேலைவெட்டி இல்லாதவர் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த பொங்கியண்ணனைச் சுற்றிக் கூட்டம் கூடியது. நாளைக்குக் கரடு ஏறுமா இறங்குமா என்று கேட்டார்கள். அவர் தெரியாது என்றார். முப்பது வருசம் கோடு போட்டுமா தெரியவில்லை என்றார்கள். முப்பது வருசம் கோடு போட்டதால்தான் தெரியாது என்று சொல்ல முடிகிறது என்றார். உருவம் முழுசாக முடிகிற வரைக்கும் அது உருவமே இல்லை. முக்கோணம் என்று நினைத்தது கடைசியில் நாய்க்குடையாகப் போகும். தான் போட்ட கோடுகளில் சரியாகப் போனவற்றைவிடத் தப்பாகப் போனவைதான் அதிகம் என்றும் வெட்கமில்லாமல் சொன்னார்.

"அப்பறம் எப்படிங் மாமா பொழச்சீங்க?" என்று கேட்டவன் முத்துரத்தினம், தெய்வாத்தாளின் தம்பி, கோயில் கமிட்டித் தலைவன்.

அதற்குத்தான் அவர் சிவப்புப் பென்சிலைக் காட்டினார். எதையும் வாங்குவதற்கு முன்னால், எதையும் விற்பதற்கு முன்னால், தாளில் ஓர் இடத்தில் சிவப்பாக ஒரு கோடு போடுவார். விலை அதைத் தாண்டினால் நான் சொன்னது தப்பு என்று அதற்கு அர்த்தம். தப்புக்கோடு என்று அவரே பெயர் வைத்திருந்தார். தாண்டிய அந்த நேரமே, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்கிற பேச்சே இல்லாமல், கிடைத்த விலைக்கு வெளியே வந்து, தாளைப் பார்த்துச் சத்தமாக "நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு மோர் குடிப்பார். சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டதும் தெய்வாத்தாள் உப்புப் போட்டு மோரைக் கலக்கத் தொடங்கிவிடுவாள். தப்பைச் சின்னதாக வைத்துக்கொண்டால் சரியானது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அவர் படித்த படிப்பு.

அந்த வார்த்தை ஊருக்கு எப்படித்தான் அவ்வளவு பிடித்துப்போனதோ, எடுத்ததற்கெல்லாம் தப்புக்கோடு போட ஆரம்பித்தார்கள். ராசாயாள் ஆட்டு வைத்தியனிடம், வெள்ளிக்கிழமைக்குள் குட்டி எழுந்து நிற்காவிட்டால் உன் மருந்து தப்பு என்று கோடு போட்டாள். பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் வரப்பில் கல் நட்டு, தண்ணீர் இதைத் தாண்டினால் நான் சொன்னது தப்பு என்று எழுதி வைத்தார்கள். முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில்கூடச் சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. எதற்கென்று கேட்டால், நெற்றி இதுவரைக்கும் ஏறிவிட்டால் தைலம் விற்றது தப்பு என்பார் கடைக்காரர். தாலுகா கோர்ட்டில் இந்த ஊர் வழக்குகள் குறைந்து, ஒரு வக்கீல் தன் பைக்கை விற்றதாகவும் பேச்சு.

பொங்கியண்ணனுக்கு இன்னொரு வைராக்கியமும் இருந்தது. நடந்த விலையைப் புள்ளி வைத்துப் பார்ப்பாரே தவிர, வீட்டுச் சரக்கில் வரப்போவதற்குக் கோடு போட மாட்டார். மஞ்சள் தெய்வாத்தாளுடைய வெள்ளாமை, அவள் அம்மா கொடுத்த காடு, அவள் கை பட்ட மண். பிரியம் வைத்த சரக்கில் பென்சிலை வைத்தால் கை நடுங்கும், நடுங்குகிற கை நமக்கு வேண்டியதைத்தான் வரையும் என்பார். அதனால் கரடு வளரத் தொடங்கி ஒரு வருசம் ஆகியும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னதில்லை.

அதற்குள் கரடு ஓர் உருவம் எடுத்திருந்தது. முதலில் தெற்கே ஒரு மேடு எழும்பி இறங்கியது. அதற்கு வடக்கே அதைவிடப் பெரிய மேடு எழும்பி, முதல் மேடு இறங்கிய அதே மட்டத்துக்கு இறங்கி நின்றது. பிறகு மூன்றாவதாக ஒரு சின்ன மேடு மெதுவாக எழ ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில் கிழக்கே நின்று பார்த்த முத்துரத்தினத்தின் உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. இடது தோள், தலை, இப்போது வலது தோள். கரட்டிலிருந்து ஒரு சாமி எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

ஊர் அதற்குக் கரட்டய்யன் என்று பெயர் வைத்தது. பூசாரி வந்தார், உண்டியல் வந்தது, இளநீர்க் கடை வந்தது, இளநீர்க் கடைக்காரருக்கும் பூசாரிக்கும் சண்டை வந்தது. வலது தோள் முடிந்ததும் அது கையாக நீண்டு ஊரை ஆசீர்வதிக்கும், மஞ்சள் விலை வானத்தைத் தொடும் என்று எல்லாரும் சொன்னார்கள். தோள் முடிந்து கழுத்துக்கு மாலை போடுகிற நோம்பித் திருவிழா நாள் வரைக்கும் குடோனிலிருந்து ஒரு விரல் மஞ்சள்கூட வெளியே போகக் கூடாது என்று ஊரே விரதம் எடுத்தது.

நோம்பிக்கு நாள் குறிக்கக் கூட்டம் போட்டபோது பொங்கியண்ணனையும் கூப்பிட்டார்கள். "மாமா, வலது தோளு எப்ப முடியுமுன்னு பாத்துச் சொல்லுங்க. மாலை கட்டச் சொல்லோணும்" என்றான் முத்துரத்தினம்.

அவருக்கு அது சாமி இல்லை. விலைக்கோட்டில் தலையும் இரண்டு தோளும் வந்தால் ஏற்றம் முடிந்தது என்று அர்த்தம். தலைக்கு இரண்டு பக்கமும் இறங்கிய மட்டத்தைச் சேர்த்துப் போடுகிற கோட்டுக்குக் கழுத்து என்று பெயர். வலது தோளிலிருந்து இறங்கும் விலை அந்தக் கழுத்தை உடைத்துக்கொண்டு கீழே போனால், தலை எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு விழும். இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"தோளு முடியறது பெருசில்ல மாப்ளே. கழுத்து ஒடையுமான்னுதான் பாக்கோணும்" என்றார்.

கூட்டத்தில் ஒரே நேரத்தில் எல்லாரும் கத்தினார்கள். சாமி கழுத்து உடையும் என்று கோயில் மரத்தடியில் உட்கார்ந்து சொல்கிற வாய் வெந்து போக என்றாள் ஒரு கிழவி. கழுத்து என்றால் இந்தக் கழுத்து இல்லை, அது ஒரு கோடு என்று அவர் தன் கழுத்தையே தொட்டுத் தொட்டுக் காட்டியதில் நிலைமை இன்னும் மோசமானது. அவரை ஊர்விலக்கெல்லாம் வைக்கவில்லை. டீக்கடையில் அவர் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் உட்காராமல் நின்றுகொண்டு குடித்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெய்வாத்தாளின் குடோனில் அந்த வருசத்து மஞ்சள் முழுசும் மூட்டையாகக் கிடந்தது. அவளுடைய காட்டில் கிணறு இல்லை. தண்ணீருக்குத் தம்பி கிணற்றில் முறை வாங்கித்தான் பாய்ச்ச வேண்டும், மண்வெட்டியோடு அவன் வீட்டு கேட்டில் போய் நிற்க வேண்டும், அவன் சாப்பிட்டுவிட்டு வந்து மோட்டார் ரூம் சாவியைக் கொடுக்க வேண்டும். இந்த மஞ்சளை நல்ல விலைக்கு விற்றால் கிணற்றோடு சேர்ந்த துண்டுக் காட்டை அவனிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அந்தக் கிணறு ஒன்றைத்தான். அது கழுத்தோடு உடைந்து போவதை நினைத்தவர் முதன்முறையாகத் தாளை விரித்து, வரப்போவதைச் சொல்ல வீட்டுச் சரக்கில் பென்சிலை வைத்தார். கை நடுங்கியது.

"தெய்வா, மஞ்சள வித்துப்போடு. நாளைக்கே வித்துப்போடு."

"ஊரு வெரதமுங்களே."

"ஊரு கெடக்குது. கழுத்து ஒடைஞ்சா மண்ணு வெலைக்குக்கூடப் போவாது."

அவள் தாளைப் பார்த்தாள். "தப்புக்கோடு எங்கீங்க போட்டிருக்கறீங்க?"

"இதுக்குத் தப்புக்கோடே வேண்டாம். இது தப்பாவே போவாது."

இத்தனை வருசத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்டே இராத பேச்சு அது. அவர் முகத்தையும் பென்சில் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். அவர் சொன்னதை அவள் நம்பினாளா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனால் அவர் இவ்வளவு பயந்து அவள் பார்த்ததில்லை. மறுநாள் பட்டப்பகலில், ஊரே வாசலில் நின்று பார்க்க, மூட்டைகளை டெம்போவில் ஏற்றி மண்டிக்கு அனுப்பினாள். விரதத்தை முதலில் முறித்தவள் தலைவனின் அக்கா என்று ஊர் பேசியது. முத்துரத்தினம் வாசலோடு வந்து, "என்னக்கா இப்படிப் பண்ணிப்போட்டே" என்று கேட்டுவிட்டு உள்ளே வராமலே போனான்.

வலது தோள் முடிந்தது. கரடு கழுத்து மட்டத்துக்கு இறங்கி வந்து, கழுத்தைத் தொட்டது. தொட்டபடியே சில நாள் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தலையைத் தாண்டியது, ஓங்கி உயர்ந்த ஒரு கையாக ஊருக்கு மேலே போய் நின்றது. மேளம் அடித்து மாலை போட்டார்கள். மஞ்சள் விலை யாரும் கனவிலும் கண்டிராத இடத்துக்குப் போனது. பாதியை விற்றவர்கள் ஓட்டு வீட்டை மச்சு வீடாக்கினார்கள், மீதிப் பாதியை இன்னும் ஏறும் என்று வைத்துக்கொண்டார்கள். தெய்வாத்தாள் விற்ற விலை கிணற்றுக்குப் பத்தவில்லை.

அவளை ஒருவரும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, அதுதான் கொடுமை. பாவம் என்று சொல்லி, புது வீட்டுப் பால் காய்ச்சிய பலகாரத்தில் அவளுக்கு இரண்டு அதிகமாகக் கொடுத்தனுப்பினார்கள். அவள் எப்போதும்போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டு கேட்டில் போய் நின்றாள்.

பொங்கியண்ணன் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தலையைத் தாண்டிய அந்தக் காலையிலேயே, மூன்று வார்த்தை, ஒரு சொம்பு மோர், முடிந்திருக்கும். வாயைத் திறந்தார், "கொஞ்சம் பொறு, திரும்ப எறங்கும்" என்று வந்தது. மறுநாளும் அதுவே வந்தது. தப்புக்கோடு போடாத தப்பு எந்த இடத்தில் தப்பு என்று யாருக்குத் தெரியும்? எந்த நாளும் அதைச் சொல்வதற்கான நாளாகத் தோன்றவில்லை.

கரட்டின் ஓங்கிய கை வளர்ந்து வந்த இடம் ஊரின் வட கோடி, அவர்கள் வீட்டுக்கு நேர் மேற்கு. சாயங்காலத்தில் அதன் நிழல் முதலில் அவர்கள் மாட்டுக் கொட்டகையைத் தொட்டது. கை உயர உயர நிழல் முன்னதாகவே வந்தது. களத்தைத் தொட்டது, திண்ணையைத் தொட்டது, அடுத்த வெள்ளாமை மஞ்சளை வேகவைத்துக் களத்தில் கொட்டிய நாட்களில் உச்சி சாய்ந்ததுமே வீடும் களமும் இருட்டின. வெயில் இல்லாமல் மஞ்சள் காயாது, காயாத மஞ்சள் பூசணம் பிடிக்கும். அவள் தினமும் மத்தியானத்தில் மஞ்சளைக் கூடையில் அள்ளி நிழலுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் கொண்டுபோய்க் கொட்டி, நிழல் அங்கேயும் வந்தால் இன்னும் கிழக்கே கொண்டுபோய்க் கொட்டினாள். அவரும் கூடை தூக்கினார். வெயில் பத்தவில்லை என்றார், கூடை பழசாகிவிட்டது என்றார், வேறெல்லாம் பேசினார்.

ஒரு நாள் உள்ளறையிலிருந்து "நான் சொன்னது தப்பு" என்று சத்தமாக அவர் குரல் கேட்டது. அடுப்படியில் தெய்வாத்தாளின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. அவள் வாசற்படி வரைக்கும் வந்தாள். அவர் செம்பு விலைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் போய் உப்புப் போட்டு மோரைக் கலக்கினாள். அவர் பாதிச் சொம்பை அப்படியே வைத்துவிட்டார், ஏனென்று அவருக்குத் தெரியும்.

இத்தனை வருசத்தில் எத்தனையோ பேர், சரக்கை வாங்கி விலை விழுந்து கையைச் சுட்டுக்கொண்டு அவரிடம் வந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "வாங்குன வெலைக்கு வந்துட்டாப் போதுமுங்க, சத்தமில்லாம வெளிய வந்துருவனுங்க." அவர்கள் போனபிறகு அவர் தனியாக உட்கார்ந்து சிரிப்பார். விலைக்கு உன்னையும் தெரியாது, நீ வாங்கின விலையையும் தெரியாது என்பார். இப்போது தினமும் விடிந்ததும் வேப்பங்குச்சியோடு வாசலில் நின்று கரட்டின் வடக்கு முனையைப் பார்த்து, அவள் விற்ற விலைக்கு வந்துவிடு சாமி, அது போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது சாமி இல்லையென்று யார் சொன்னது?

சாமி கேட்டுக்கொண்டது. கரடு இறங்கத் தொடங்கியது. விரலிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, நாளுக்கு நாள் இறங்கியது. மீதிப் பாதியை வைத்திருந்தவர்கள், ஐயன் ஆசீர்வாதம் பண்ணி முடித்துக் கையை இறக்குகிறார், மறுபடி தூக்குவார் என்று சொல்லிக்கொண்டு அதையும் வைத்திருந்தார்கள். கரடு தலை மட்டத்துக்கு வந்தது, தோளுக்கு வந்தது, அவள் விற்ற விலைக்கு இன்னும் ஒரு முழம் என்கிற இடத்துக்கு வந்தது. நாளை இல்லாவிட்டால் நாளன்றைக்கு அதற்குக் கீழே போய்விடும். போனால், அவர் சொன்னது சரி. கொஞ்சம் முந்திச் சொன்னார், அவ்வளவுதானே? அன்று காலையில் பொங்கியண்ணன் வெகுநாளைக்குப் பிறகு சீட்டியடித்துக்கொண்டே முகம் மழித்தார். பாத்தியா, நான் சொல்லல? என்று அவளிடம் எப்படிச் சொல்வது, சிரித்துக்கொண்டா சிரிக்காமலா என்று கண்ணாடியில் சொல்லிப் பார்த்தார்.

மழித்த முகத்தோடு வாசலுக்கு வந்தபோது தெருக்கோடி தெரிந்தது. முத்துரத்தினத்தின் புது மச்சு வீட்டு கேட்டுக்கு வெளியே தெய்வாத்தாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். உள்ளே தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான் போல. அவள் கேட் கம்பியைப் பிடிக்கவில்லை, கூப்பிடவில்லை, ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள்.

அவர் கரட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கரடு நாளைக்குத் தரைமட்டத்துக்கே இறங்கினாலும் அவள் அங்கே நின்ற காலைகள் இறங்கிவிடுமா? ஓங்கிய கை எழுந்த நாளிலிருந்து ஒவ்வொரு முறைத் தண்ணிக்கும் அவள் அங்கே நின்றிருக்கிறாள், அவர் இங்கே கரட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நஷ்டத்தை வைத்துக்கொண்டு விலை திரும்பி வரக் காத்திருப்பவனைப் பார்த்து முப்பது வருசம் சிரித்த ஆள் யார் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார். டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். கேட்டை நெருங்கும்போதே, தாளைப் பார்த்துச் சொல்கிற அதே சத்தத்தில் சொன்னார்.

"நான் சொன்னது தப்பு."

தெய்வாத்தாள் திரும்பினாள். "என்னதுங்க? செம்பா?"

"செம்பு இல்ல. மஞ்சள். தப்பாவே போவாதுன்னு உங்கிட்டச் சொன்னேன் பாரு, அது. தப்புக்கோடு போடாமச் சொன்னேன். பயந்துக்கிட்டுச் சொன்னேன். அப்பறம் சொல்லாம இருந்ததும் தப்பு, அது இன்னும் பெரிய தப்பு."

உள்ளே சாப்பிட்ட கையோடு முத்துரத்தினம் வாசலுக்கு வந்து நின்றான். தெய்வாத்தாள் புருசனைப் பார்க்கவில்லை. மேற்கே கரட்டின் வடக்கு முனையைப் பார்த்தாள். இந்த ஊரில் அதைப் பார்த்து விலை சொல்லத் தெரியாதவர் யார்? அவளுக்கும் தெரிந்தது, இன்னும் ஒரு முழம்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா நீங்க சொன்னது சரியாப் போயிருக்குமுங்களே" என்றாள்.

"அதுக்குத்தான் இன்னைக்கே சொல்லிப்போட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைக்காமல், மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "தம்பி, சாவிய மாமன்கிட்டக் குடு. இன்னைக்கி அவரு தண்ணி கட்டட்டும்" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். பிறகு அவரிடம், "நீங்க போயி மடைய மாத்துங்க. நான் போயி மோரு கொண்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

மறுநாள் விடிந்தபோது ஊரே மேற்கே திரும்பி நின்று, கரடு ஏறியதா இறங்கியதா என்று பார்த்தது. வட கோடி வீட்டில் மட்டும் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. களத்தில் காலை வெயில் நன்றாக விழுந்திருந்தது, இரண்டு பேரும் குனிந்து மஞ்சளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.